“அங்க ஆர் இருக்கினம்?”

ஸ்காபுரோவில் ஒரு நூல் வெளியீடு. வடையும் தேநீரும் முடிந்த பிறகு, நான் மதிக்கிற கவிஞர் ஒருவர் கேட்டார்: “தம்பி, நீர் எந்த நேரமும் சொல்லுற அந்த மாஸ்டடோனில ஆர் இருக்கினம்?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது 401இல் வாகன நெரிசலில் நின்ற நாற்பது நிமிடமும் அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டிருந்தது. 1983க்குப் பிறகு இந்த நகரத்தில் வந்து இறங்கியவர்களிடம் “கனடாவில ஆர் இருக்கினம்?” என்று யாராவது கேட்டிருந்தால், அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்?

மாஸ்டடோனை அறியாதவர்களுக்கு: மின்னஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகவரி ஒரு நிறுவனத்தினுடையது, என்னுடையது இன்னொன்றினுடையது. ஆனாலும் கடிதம் போய்ச் சேர்கிறது. இரண்டு வழங்கிகளும் ஒரே நெறிமுறையைப் பேசுவதுதான் காரணம். அதையே சமூக வலைத்தளத்துக்கும் செய்திருக்கிறார்கள். ஜேர்மனியில் ஓய்கன் றொக்கோ என்ற இளைஞர் 2016இல் மாஸ்டடோனை வெளியிட்டார். அது இன்று பேசும் அக்டிவிட்டிபப் நெறிமுறை 2018 ஜனவரியில் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. அதை எழுதியவர்களில் ஒருவரான எவான் புரொட்றோமு, 2008இலேயே மொன்றியலிலிருந்து ஐடென்டிகா என்ற திறந்த வலையமைப்பைத் தொடங்கியவர். அந்நியச் சரக்கு ஒன்றுமில்லை. கிழக்கே ஐந்தரை மணி நேர ஓட்டம்.

என் பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. மார்க்கம் றோட்டில் ஒரு மாடிக் குடியிருப்பில் தனியே இருக்கிறார். பதினொரு ஆண்டுகள் ஒரு பெரிய நிறுவனத்தின் தளத்தில் எழுதிவந்தார். இலக்கியம் ஒன்றுமில்லை. எவ்வளவு பனி கொட்டியது, கறிவேப்பிலைக் கன்றை வீட்டுக்குள் எடுத்து வைத்தாயிற்று, முருங்கைக்காய் இறாத்தல் என்ன விலை, பேத்தி ‘ழ’வை எப்படிச் சொல்கிறாள், மாநகர முதல்வரைப் பற்றி ஒரு சுடுசொல். போன கார்த்திகையில் மகனுடைய படத்துக்கு முன்னால் விளக்கேற்றி அதைப் படமெடுத்துப் போட்டார். பக்கத்தில் ஒரு கார்த்திகைப் பூ. அன்றிரவே கணக்கைப் பூட்டிவிட்டார்கள். மேன்முறையீடு செய்தோம். ஒரு நிமிடத்துக்குள் ‘மீளாய்வு’ முடிந்து மறுப்பு வந்தது. அந்த ஒரு நிமிடத்தில் ஒரு மனிதரால் அவர் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்திருக்கவே முடியாது. பதினொரு ஆண்டுகளும் போயின. அந்தப் பதிவுகளுக்குக் கீழே, காலமாகிவிட்ட பெரியப்பா எழுதியிருந்த கிண்டல்களும் போயின.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. விடுதலைப் புலிகளைக் கனடா 2006இல் தடைப்பட்டியலில் சேர்த்தது. இங்கே இயங்கும் எந்த வழங்கியும், என்னுடையது உட்பட, இந்த நாட்டுச் சட்டத்துக்கு அமைந்ததுதான். ஆனால் பிள்ளையை நினைத்து விளக்கேற்றுவதை எந்தச் சட்டம் தடுத்தது? 2025 மே மாதத்தில் பிரம்டனின் சிங்குகூசிப் பூங்காவில் தமிழினப் படுகொலை நினைவுத்தூபி பட்டப்பகலில் திறக்கப்பட்டது. இலங்கை அரசு ஆட்சேபித்தது, தூபி நின்றது. பொதுப் பூங்காவில் அழ உரிமையுள்ள பெண்ணுக்குத் தன் பக்கத்தில் அழ உரிமையில்லை. துக்கத்துக்கும் பிரசாரத்துக்கும் நடுவே ஒரு கோட்டை யாராவது கீறத்தான் வேண்டும். கீறுகிறவருக்குக் கார்த்திகைப் பூ என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். என் கட்சி அவ்வளவுதான்.

2023ஐ அதற்குள் மறந்துவிட்டோமா? ஜூனில் இணையச் செய்திச் சட்டம் நிறைவேறியது. செய்திக்குப் பணம் கொடுக்கச் சொன்னதும், ஓகஸ்டிலிருந்து மெற்றா நிறுவனம் கனடாவில் முகநூலிலும் இன்ஸ்ரகிராமிலும் செய்தியையே நிறுத்திவிட்டது. உள்நாட்டுப் பத்திரிகை மட்டுமல்ல, வெளிநாட்டுப் பத்திரிகையும்தான். அதே மாதம் காட்டுத்தீயால் யெலோநைஃப் நகரமே வெளியேறியபோது, செய்தி இணைப்பைப் பகிர வழியில்லாமல் மக்கள் திரைப்பிடிப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சட்டம் சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஊர்ப் பத்திரிகைச் செய்தியைத் திரைப்பிடிப்பாக அனுப்ப ஒரே மாதத்தில் நாமும் பழகிக்கொண்டோமே, எனக்கு வலித்தது அதுதான். வாய்க்குப் பூட்டுப் போட்டால் மூக்கால் பேசப் பழகிவிடுகிறோம்.

இது முதல் தடவையுமல்ல. 2019 டிசம்பரில் யாகூ தன் குழுமங்களில் இருந்தவற்றை அழித்தது. மரத்தடி, ராயர் காபி கிளப் என்று தமிழ் இணையத்தின் முதல் தலைமுறை சண்டைபிடித்து எழுதப் பழகிய இடங்கள் அங்கேதான் இருந்தன. நகலெடுத்து வைத்தவர்களிடம் இருப்பதே மிச்சம். 1981ஐ இதனோடு ஒப்பிடுவது மிகை, ஒப்பிடவில்லை. ஆனால் எரிந்துபோன நூலகத்தின் நினைவோடு வாழும் சமூகம், 2005இல் நூலகம் இணையத்தளத்தைத் தொடங்கிய சமூகம், தன் அன்றாடப் பேச்சைப் பிறர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது எப்படி?

காசில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு 30 இலட்சம் டொலர் சேர்த்தவர்கள் நாம். கோசோஷல் என்ற கனடாக் கூட்டுறவு, ஆண்டுக்கு 50 டொலர் உறுப்புரிமைப் பணத்தில் தன் மாஸ்டடோன் வழங்கியை நடத்துகிறது, உறுப்பினர்களே உரிமையாளர்கள். மூளாயில் கூட்டுறவாக ஆஸ்பத்திரியே நடத்தியவர்களுக்கு, இன்றும் ஸ்காபுரோவில் சீட்டுப் பிடிக்கிறவர்களுக்கு, கூட்டுறவு என்றால் என்னவென்று நான் படிப்பிக்க வேண்டுமா?

என் தொழில்காரர்களையும் விடுவதாக இல்லை. 2019 நவம்பரில் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ருவிற்றர் கணக்கு முடக்கப்பட்டபோது இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மாஸ்டடோனுக்கு ஓடினார்கள். 2022 ஒக்ரோபரில் இலோன் மஸ்க் ருவிற்றரை வாங்கியபோது நாங்களும் மேளதாளத்தோடு வெளியேறினோம். தைப்பொங்கலுக்குள் பாதிப்பேர் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டார்கள். போய்ச் சேர்ந்த இடத்திலும் மஸ்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் யார் தங்குவார்கள்? முருங்கைக்காய் விலையைப் பேசியிருந்தால் தங்கியிருப்பார்கள்.

நான் நடத்தும் வழங்கியில் பதினான்கு பேர். விளம்பரம் கிடையாது, எழுதிய ஒழுங்கில்தான் பதிவுகள் வரும். சிரமம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு ஜனவரி இரவு, மற்ற வழங்கிகளிலிருந்து வந்து குவிந்த படங்களால் வட்டு நிரம்பி எல்லாம் நின்றுபோனது. இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. அதுவரை ஒருவரும் தொலைபேசி எடுத்து ‘என்ன நடந்தது’ என்று கேட்கவில்லை. வட்டைவிட அதுதான் என்னைச் சுட்டது. இன்னொரு முறை, சாதியைத் தொட்டு எழுந்த ஒரு சண்டையில் இருவரையும் தனித்தனியே அழைத்து ஒரு மணி நேரம் கதைக்க வேண்டியிருந்தது. ஒரு பதிவை நீக்கினேன். நீக்கியது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். ஆனால் அதைப் பற்றி என்னோடு சண்டைபிடிக்க அந்த இருவரிடமும் என் தொலைபேசி எண் இருக்கிறது.

ஆபத்துகளையும் சொல்லிவிட வேண்டும். வழங்கி மாறும்போது உங்களைத் தொடர்பவர்கள் கூடவே வருவார்கள். பழைய பதிவுகள் வராது. மொஸில்லா போன்ற அமைப்பே 2024 டிசம்பரில் தன் வழங்கியை மூடியது. அதே ஆண்டு பெப்ரவரியில், ஆப்கானிஸ்தானின் இணைய முகவரியில் இயங்கிய ஒரு பால்புதுமையினர் வழங்கியின் பெயரைத் தலிபான் அரசு முடக்கியது. இலங்கை முகவரியில் வழங்கி தொடங்க ஆசைப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பெரியம்மா இப்போது என் வழங்கியில் எழுதுகிறார். முந்தாநாள் எழுதியது: பஸ் பதினெட்டு நிமிடம் பிந்தியது, சாரதி மன்னிப்புக் கேட்டார், நல்ல பிள்ளை. அன்று பின்னேரம் என்னை அழைத்தார். “தம்பி, உனக்கொண்டு நடந்தா இதை ஆர் பாக்கிறது?”

சரியான கேள்வி. ஒற்றை ஆளை நம்பியிருக்கிற வழங்கி அந்தப் பெரிய நிறுவனத்தைவிடப் பாதுகாப்பானதல்ல. கடவுச்சொற்களை ஓர் உறையிலிட்டு மனைவியிடம் கொடுத்திருக்கிறேன். அவருக்கு லினக்ஸ் தெரியாது. இதைக் கூட்டுறவாக்க ஐந்து பேர் வேண்டும் என்பது என் கணக்கு: இயந்திரத்துக்கு இருவர், சண்டை தீர்க்க இருவர், வரவுசெலவுக்கு ஒருவர். சண்டை தீர்ப்பவர்களில் ஒருவராவது முப்பதுக்கு உட்பட்டவராக இருந்தால் நல்லது. மூன்று பேர் கிடைத்துவிட்டோம். கவிஞரிடம் இன்னும் கேட்கவில்லை.