தொழிலாளர் பிள்ளைகளுக்கும் விளையாட்டரங்கம்

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ எடைப் பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் கோல்டு கோஸ்ட்டில் மீண்டும் தங்கம். எளிய குடும்பத்துப் பிள்ளைக்குச் சொந்த ஊரிலேயே பயிற்சி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வேலூர் நேதாஜி விளையாட்டரங்கில் சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் கொடியேற்றமும் அணிவகுப்பும் நடக்கின்றன. நல்லதுதான். ஆனால், ஓர் அரங்கத்தின் மதிப்பு மற்ற நாட்களின் மாலைகளில் தெரியவேண்டும்.

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. ஆம்பூரிலிருந்து இந்த வேலூர் அரங்கத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தைத்துவிட்டு வரும் தாயால், பயிற்சிக்காக மகளை அவ்வளவு தூரம் அழைத்துப் போய்வர முடியுமா? உலகமெங்கும் அணியும் காலணிகளைச் செய்யும் ஊர்கள் இவை. இங்குள்ள பெண் பிள்ளைகள் பத்திரமாக ஓடுவதற்கு, நடந்துபோகும் தொலைவில் ஓடுதளம் வேண்டும்.

ஓடுதளம், கபடி, கைப்பந்துக் களங்கள், பளுதூக்கும் கூடம், இரவு விளக்கு, பெண்களுக்கான கழிப்பறை, உடைமாற்றும் அறை, நிரந்தரப் பயிற்சியாளர்கள்: இவ்வளவும் இருந்தால்தான் ஓர் அரங்கம் பல்நோக்கு அரங்கமாகும். கட்டடம் எழுப்பிவிட்டுப் பயிற்சியாளர் பணியிடத்தைக் காலியாக விடுவதை ஏற்க முடியாது. ஏற்றுமதியில் வளர்ந்த தோல் நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பங்கை இதற்குத் தரட்டும். ஆம்பூரில் இத்தகைய அரங்கத்துக்கான இடத்தையும் நிதியையும் அரசு வரும் பட்ஜெட்டிலேயே அறிவிக்க வேண்டும்.