மழலையர் காப்பகமும் மக்கள் சினமும்

2015 சனவரியில் தென்கொரியாவின் இஞ்சியோன் நகர்க் காப்பகமொன்றில் நடந்த கொடுமை காட்சிப்பதிவாக வெளிவந்தபோது, அந்நாடே கொதித்தெழுந்தது. கிம்ச்சி என்னும் புளித்த காய்கறித் தொடுகறியை உண்ணாமல் மீத்து வைத்தாள் என்பதற்காக, நான்கு அகவைச் சிறுமியொருத்தியைப் பேணுநராகிய பெண் ஓங்கி அறைகின்றாள். குழந்தை தூக்கியெறியப்பட்டதுபோல் தரையில் வீழ்கின்றது. பின்பு எழுந்து, சிந்தியதைத் தானே துடைத்தெடுக்கின்றது. மற்றைக் குழந்தைகள் ஒரு பக்கமாக மண்டியிட்டு அமர்ந்திருக்கின்றன. அறையினும் அம்மண்டியிட்ட காட்சியே நம் நெஞ்சைப் பிளக்கின்றது. அஃது ஒரே நாளில் வந்த அச்சமாக இருத்தல் இயலாது.

இதனைக் கண்டும் சினவாதவர் மாந்தரல்லர். கொரியத் தாய்மார் தெருவிறங்கியது முற்றும் முறையே. ஆயின், அச்சினத்தை ஆட்சியினர் எவ்வாறு தணித்தனர்? காப்பகந்தோறும் படப்பொறி பொருத்தவேண்டும் என ஒரு சட்டம்! 2015 மார்ச்சில் நாட்டு மன்றத்தில் தோற்ற அது, மக்கள் கொதிப்புக்கு அஞ்சி ஏப்பிரலில் நிறைவேறியது. பதிவுகளை அறுபது நாள்கள் காத்தல் வேண்டும் என்பதும் அதில் விதிக்கப்பட்டது.

2018 சூலையில் தலைநகர் சியோலில், பதினொரு மாதக் குழவியைத் தூங்கச் செய்வதாகப் போர்வையால் மூடி, தன் உடலால் அழுத்தினாள் ஒரு பணிப்பெண். குழவி மாண்டது. அவளுக்கு ஆறாண்டுச் சிறை உறுதியாயிற்று. அவ்வறையிலும் படப்பொறி இருந்தது. நடந்ததை நடந்தவாறே பதிந்துகொண்டும் இருந்தது. கொலைக்குச் சான்று கிட்டியது, குழவி கிட்டவில்லை. படப்பொறி வேண்டாவென்று நாம் கூறவில்லை. வாய் பேசவியலாப் பச்சிளங் குழவிக்கு அதுவொன்றே வாய். ஆனால் அது கையைப் பிடித்துத் தடுக்காது.

அதே ஆண்டு அக்தோபரில் கிம்ப்போ நகரில் மற்றொன்று நேர்ந்தது. வெளியுலாச் சென்றவிடத்துக் குழந்தையொன்றைத் தள்ளினார் என்று ஒரு பேணுநர் மேல் பழி எழுந்தது. தாய்மார் கூடும் இணையக் களத்தில் அச்செய்தி பரவி, அவர் இன்னார் என்பதும் வெளிப்பட்டது. சில நாள்களில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். எந்த மன்றமும் அவரைக் கேட்டுத் தீர்ப்புரைக்கவில்லை. குழவிக்காக எழுந்த சினமே இங்கு முறையின்றி ஓருயிரைக் கொண்டது.

ஒரு பெண்ணின் பொறுப்பில் எத்தனைக் குழவிகள் என்பதை எவரேனும் வினவினரா? கொரியச் சட்டப்படி, ஓரகவை நிரம்பாதார் மூவர்க்கு ஒருவர். ஓரகவையார் ஐவர்க்கு ஒருவர். ஈரகவையார் எழுவர்க்கு ஒருவர். மூவகவையார் பதினைவர்க்கு ஒருவர். ஈன்ற தாய்க்கே ஒரு பிள்ளையை உறங்கச் செய்வதற்குள் இடுப்பொடிகின்றது. மூன்றும் ஒருங்கே வீறிட்டழும்போது, நாட்டின் கடைநிலைக் கூலியை ஒட்டிய ஊதியம் பெறும் பெண் யாது செய்வாள்? அடிப்பதற்கு இஃது ஏதுவாகாது. அடித்தவர் ஒறுக்கப்படவே வேண்டும். பெரும்பாலோர் இதே சுமையைத் தாங்கியும் ஒரு குழவியின் மேலும் கை வைத்தாரல்லர். எனினும், ஆட்குறைத்து வருவாய் பெருக்கும் காப்பக உரிமையாளரும், தலைக்கு இவ்வளவென்று உதவித்தொகை கொடுத்துவிட்டுக் கைகழுவும் ஆட்சியும் அப்படப்பொறியின் முன் ஒருநாளும் தோன்றுவதில்லை. அறைந்த கை மட்டுமே அதில் தெரியும். மக்கள் சினமும் அவ்வளவிலேயே நின்றுவிடுகின்றது.

2021-இல் சியோல் மாநகராட்சி, பொதுக்காப்பகங்கள் சிலவற்றில், ஓரகவை நிரம்பாதார் இருவர்க்கு ஒருவர், மூவகவையார் பதின்மர்க்கு ஒருவர் என ஆள்கூட்டி நடத்திப் பார்க்க முன்வந்தது. இஞ்சியோன் காட்சியை நாடெங்கும் திரும்பத் திரும்பக் காட்டிய செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் இதற்கு எத்துணை இடம் கொடுத்தன?