காற்று மாசு: கணக்கில் வராத கோதுமை

புது தில்லி: குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கியதும் தலைநகரின் புகைமூட்டம் நாடாளுமன்றத்தில் எதிரொலிப்பது வழக்கமாகிவிட்டது. பயிர்க் கழிவுகளை எரிக்கும் பஞ்சாப், ஹரியாணா விவசாயிகளே காரணம் என்று ஒரு தரப்பும், தில்லி வாகனங்களே காரணம் என்று மறுதரப்பும் வாதிடுவதோடு விவகாரம் முடிகிறது. மாசுபட்ட காற்றால் அந்த விவசாயியின் மகசூல் எவ்வளவு குறைகிறது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

கோதுமையைப் பெரிதும் தாக்குவது கண்ணுக்குத் தெரியும் புகையல்ல, தரைமட்ட ஓசோன். வாகனங்களும் அனல்மின் நிலையங்களும் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் பிற வாயுக்களுடன் வெயிலில் வினைபுரிவதால் இது உருவாகிறது. இலைத் துளைகள் வழியே புகுந்து பச்சையத்தைச் சிதைக்கிறது. துளைகள் மூடித் திறக்கும் திறனும் மந்தமாவதால், வறட்சியிலும் பயிர் நீரை இழக்க நேரிடலாம். வெயில் ஏறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், கதிரில் மணி பிடிக்கும் தருணத்தில் பாதிப்பு கடுமையாகிறது. பட்ஜெட் கூட்டத்தொடர் நடைபெறும் மாதங்களும் அவையே. ஆனால், புகைமூட்டத்துடன் காற்றைப் பற்றிய பேச்சும் அதற்குள் கலைந்துவிடுகிறது.

இழப்பு சிறியதல்ல. 2005-ல் மட்டும் ஓசோனால் 35 லட்சம் டன் கோதுமையும் 21 லட்சம் டன் அரிசியும் இழக்கப்பட்டதாக, புணே வெப்பமண்டல வானிலையியல் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் பங்கேற்ற ஆய்வு 2014-ல் மதிப்பிட்டது. ஏழைகள் 9.4 கோடி பேருக்கு உணவளிக்கப் போதுமான தானியம் இது. அதே ஆண்டில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற விஞ்ஞானி வி. ராமநாதனும் ஜெனிபர் பர்னியும் வெளியிட்ட ஆய்வு, பருவநிலை மாற்றமும் மாசும் இல்லாதிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட 2010-ல் கோதுமை மகசூல் 36 சதவீதம் வரை குறைந்திருந்ததாகத் தெரிவித்தது. இதில் பெரும்பங்கு மாசினுடையது.

தண்ணீரும் இதில் சிக்கியிருக்கிறது. நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் பஞ்சாப் கொண்டுவந்த சட்டம், ஜூன் 10-க்கு முன் நெல் நடவு செய்யத் தடை விதித்தது. நோக்கம் நியாயமானதே. ஆனால் அறுவடை தள்ளிப்போனது. கோதுமை விதைப்புக்கு முன் எஞ்சும் சில வாரங்களில், காற்று அசையாத நவம்பரை ஒட்டி, தீ வைப்பு குவிந்தது. மீள்நிரப்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாக நீர் உறிஞ்சப்படும் மாநிலம் அது. மாசால் மகசூல் குறையும்போது, இறைத்த நீரிலும் ஒரு பங்கு வீணாகிறது.

சட்டமோ விவசாயியை மாசுபடுத்துபவராக மட்டுமே அறியும். தில்லி சுற்றுவட்டாரக் காற்றுத்தர மேலாண்மை ஆணையத்துக்கான 2021-ம் ஆண்டுச் சட்டம் அவரைச் சிறைத் தண்டனையிலிருந்து விலக்கினாலும், இழப்பீடு வசூலிக்க வழி வைத்தது. 2024 நவம்பரில் அத்தொகை இரட்டிப்பாக்கப்பட்டு, அதிகபட்சம் 30 ஆயிரம் ரூபாயானது. 2019-ல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டமோ நகரங்களுக்கானது. 2009-ல் அறிவிக்கப்பட்ட காற்றுத்தர வரையறையில் ஓசோனுக்கு ஒரு மணி நேர, எட்டு மணி நேர வரம்புகள் உண்டு. பயிர்ப் பருவம் முழுவதற்குமான வரம்பு இல்லை. ஓசோன் பற்றிய கேள்வி சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும், மகசூல் பற்றிய கேள்வி வேளாண் அமைச்சகத்துக்கும் செல்கின்றன.