பீடிக் கணக்கும் மருந்துச் சீட்டில் ஏற வேண்டும்

மனச்சிதைவு நோயோடு வாழ்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. புகை, காபி, பாக்கு, மது இவற்றோடு உளநோய் மாத்திரை ஒத்துப்போகுமா என்று கேட்பவர்களுக்கு இதுநாள்வரை ஆளுக்கொரு பதில் சொல்லி வந்தோம். இனி எங்கள் பதில் ஒன்றுதான். குளோசபின், ஒலான்சபின் சாப்பிடுபவரின் பீடி எண்ணிக்கை மாறினால் அவருடைய மருந்தளவே மாறிவிட்டதாகக் கொள்ள வேண்டும். மருத்துவமனையும் அப்படிக் கொள்ள வேண்டும், வீடும் கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு மருந்தையும் உடைத்து வெளியேற்றும் வேலையில் பெரும்பங்கு கல்லீரலின் ஒரு நொதிக்கு. சி.ஒய்.பி.1ஏ2 என்று அதற்குப் பெயர். புகையிலை எரியும்போது கிளம்பும் தார்ப்புகை அந்த நொதியை முடுக்கிவிடுகிறது. போட்ட மாத்திரை சீக்கிரமே செலவாகிவிடுகிறது. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரெட் போதும், நொதி முழு வேகத்துக்கு வந்துவிடும். புகையை நிறுத்தினாலோ ஒரு வாரத்துக்குள் அது அடங்கிவிடும். மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே உள்ளே போய்க்கொண்டிருக்கும். ரத்தத்தில் குளோசபின் ஒன்றரை மடங்கு, சிலருக்கு அதற்கும் மேலே ஏறும்.

இதைச் செய்வது நிக்கோட்டின் அல்ல, புகை. குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். “பீடியை விட்டுட்டாரு, இப்ப வாயில அடக்குறதோட சரி” என்பார்கள், ஏதோ ஒன்றுக்கு இன்னொன்று சமம் என்பதுபோல. நிக்கோட்டின் கம் மென்றாலும், பிளாஸ்டர் ஒட்டினாலும், வாயில் புகையிலை அடக்கினாலும் கல்லீரலின் கணக்கில் அவர் புகையை விட்டவர்தான். மருந்து ஏறத்தான் செய்யும்.

எங்கள் மாதக் கூட்டத்தில் திரும்பத் திரும்பக் காதில் விழும் கதை ஒன்று உண்டு. நாளுக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பவர் வார்டில் சேர்கிறார். உள்ளே புகைக்க அனுமதியில்லை; அதில் எங்களுக்கு மறுப்பும் இல்லை. பீடி இல்லாத அந்த நாட்களில்தான் அவருக்கு அளவு பார்த்து மாத்திரை நிர்ணயிக்கிறார்கள். தேறி வீட்டுக்கு வருகிறார். பஸ் ஸ்டாண்டிலேயே முதல் பீடி பற்றவைக்கப்படுகிறது. அடுத்த சில நாட்களில் நொதி முடுக்கம் பெறுகிறது, மருந்து இறங்குகிறது, மறைந்திருந்த குரல்கள் மறுபடி கேட்கின்றன. “மாத்திரையை ஒழுங்கா குடுத்தீங்களாம்மா?” என்று தாயைத்தான் கேட்கிறார்கள். அவர் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. ஓபி வரிசையில் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் தூக்கம், பசி, மலம் எல்லாம் கேட்டாயிற்று. மஞ்சள் படிந்த விரல்கள் மேஜைமேலேயே இருந்தும் பீடியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது, அது இன்னும் ஆபத்து. மார்ச்சளி வந்து பீடி பிடிக்காமல் போகிறது, அல்லது கையில் காசில்லை. மருந்து ஏறுகிறது. தலையணை நனையும் அளவுக்கு எச்சில், எழுப்ப முடியாத தூக்கம், படபடப்பு, தள்ளாட்டம், கடும் மலச்சிக்கல். முற்றினால் வலிப்பு. நுரையீரல் தொற்று தன் பங்குக்கே குளோசபின் அளவை ஏற்றும் என்பதால் காய்ச்சலோடு பீடியும் நின்றால் இரட்டை ஏற்றம். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 ஆகஸ்டில் இதைக் குறிப்பிட்டே மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது.

அப்படியானால் பீடியை விடாமலே இருக்கட்டும் என்று எங்கள் உறுப்பினர்களிலேயே சிலர் வாதாடினார்கள். இதை நாங்கள் ஏற்கவில்லை. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள். அதில் புகைக்குப் பெரும் பங்குண்டு. விடட்டும், ஆனால் மருத்துவருக்குச் சொல்லிவிட்டு விடட்டும். முதல் வாரத்தில் குளோசபினைப் படிப்படியாகப் பழைய அளவின் முக்கால் பங்குக்குக் குறைப்பது வழக்கம். வீட்டில் யாரும் மாத்திரையை உடைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம். குளித்தால் பீடி, சாப்பிட்டால் பீடி என்று அதைக் கூலியாக வைத்து ஆட்டுவிப்பதையும் விட்டுவிடுவோம்.

ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் சாப்பிடுபவர்களுக்குப் புகையால் மருந்தளவு பெரிதாக மாறுவதில்லை.

காபியும் அதே நொதியைத்தான் நம்பியிருக்கிறது. நாளுக்கு ஆறேழு டம்ளர் ஸ்ட்ராங் காபி குடித்தால் குளோசபின் ஏறலாம். திடீரென நிறுத்தினால் இறங்கலாம். பீடியை விட்டவருக்குப் பழைய அளவுக் காபியே இரட்டிப்பாக வேலை செய்து தூக்கத்தைக் கெடுக்கும். அதை நோய் திரும்புவதாக எண்ணிப் பயந்தவர்கள் உண்டு. பாக்கிலுள்ள அரிகோலினுக்கும் ஒரு குணமுண்டு: உளநோய்க்கான நீண்டகால ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஓயாமல் பாக்கு மென்றபோது உடல் விறைப்பும் நடுக்கமும் வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கஞ்சா பற்றி விவாதமே இல்லை. மருந்தோடு சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அது நோயைக் கிளறும்.

மது மயக்கத்தைக் கூட்டும், ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும், குளோசபினோடு சேர்ந்தால் வலிப்புக்கும் வழிவிடும். இவற்றுக்கு இணையாக நாங்கள் அஞ்சுவது “இன்னிக்குக் குடிச்சிருக்கான், மாத்திரை வேணாம்” என்ற வீட்டு ஏற்பாட்டை. திருவிழா மூன்று நாள் என்றால் மூன்று நாளும் மாத்திரை இல்லை. குளோசபின் இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற வேண்டும். குடித்ததை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டு விழும் என்று பயந்து நாளைக் கடத்தாதீர்கள்.

மருத்துவமனைகளிடம் நாங்கள் கேட்பது பணம் செலவாகாத காரியம். சேர்க்கையின்போது பீடி, சிகரெட் எண்ணிக்கையைக் குறியுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில், இந்த அளவு புகையில்லாத நாட்களில் நிர்ணயித்தது என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். வெள்ளணு எண்ணிக்கைக்காகக் குளோசபின் நோயாளி முதல் 18 வாரமும் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும் எப்படியும் ரத்தம் கொடுக்க வருகிறார். அதே இடத்தில் இந்தக் கேள்வியையும் கேளுங்கள். ரத்தத்தில் குளோசபின் அளவைப் பார்க்கப் பல ஊர்களில் வசதியில்லாத நிலையில் இதுதான் கைவசமுள்ள அளவுகோல். சிகிச்சையையும் பக்கவிளைவுகளையும் பற்றிய தகவல் நோயாளியின் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

குடும்பத்தாருக்கு: யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். “போன மாசம் ரெண்டு கட்டு, இந்த மாசம் அரைக் கட்டுதான் டாக்டர்.” அவ்வளவு போதும். சந்தேகமாக இருந்து உடனே போக முடியாவிட்டால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். எச்சில் வழிந்து, எழுப்ப முடியாமல் கிடந்தாலோ வலிப்பு வந்தாலோ போன் பேசிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.