குழந்தைக்கு ராம் வாங்க முடியாது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "ஏன் சார் இவ்வளவு ஸ்லோ?" என்பதுதான். "ஒரே நேரத்தில் எத்தனை விண்டோ திறந்து வைத்திருக்கிறீர்கள்?" என்று பொறுமையாகக் கேட்பேன். அந்தப் பொறுமையை என் ஆறு வயது மகனிடம் நான் காட்டவில்லை.

"பையை எடு, கணக்கு நோட்டைத் திற, தேதி எழுது, நேற்று விட்ட கணக்கைப் போடு" என்பேன். நோட்டைத் திறந்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். "கவனமே கிடையாது" என்று திட்டுவேன்.

தவறு என்னுடையது. கம்ப்யூட்டருக்கு ராம் போல நமக்கும் ஒரு தற்காலிக நினைவு உண்டு. கேட்டதைப் பிடித்து வைத்துக்கொண்டே வேலை செய்ய உதவுவது அது. 1974-ல் பேட்லி, ஹிட்ச் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் இதை விளக்கினார்கள். சிறு குழந்தைகளுக்கு இது மிகவும் குறைவு. நான்கு கட்டளை சொன்னால் இரண்டு நழுவிவிடும். அடுத்து என்ன செய்வதென்று தெரியாத குழந்தை வேடிக்கைதான் பார்க்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கவனம் சிதறினால் பாடத்தில் பாதி உள்ளேயே போகாது. பாதி புரிந்தவனுக்கு அடுத்த பாடம் இன்னும் கடினம். கடினமானால் கவனம் மேலும் ஓடும். இப்படி ஒன்று மற்றொன்றைக் கீழே இழுக்கிறது.

"ஞாபக சக்தியை வளர்க்கும்" என்ற ஒரு விளையாட்டு சாப்ட்வேரையும் வாங்கிப் பார்த்தேன். விளையாட்டில் ஸ்கோர் ஏறியது. கணக்கு நோட்டில் மாற்றமில்லை. இத்தகைய பயிற்சிகள் பற்றிய 23 ஆய்வுகளை மெல்பி-லெர்வோக், ஹியூம் இருவரும் 2013-ல் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சி செய்த வேலையில் கொஞ்ச காலம் முன்னேற்றம் தெரிந்தது. கணக்கு, வாசிப்பு போன்றவற்றுக்கு அது பரவியதாகத் தெரியவில்லை.

எனவே என் கருத்து இதுதான். அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். கம்ப்யூட்டருக்கு இன்னொரு ராம் வாங்கிப் பொருத்தலாம். குழந்தைக்கு அது வயதோடுதான் வளரும். அதுவரை தேவையற்ற விண்டோக்களை மூடுவோம். டிவியை அணையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்தடுத்த வேலைகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள்.

வீடு, பள்ளி இரண்டிலும் ஆறு மாதத்துக்கு மேல் இதே சிரமம் நீடித்தால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் மகன் இப்போதும் ஜன்னலைப் பார்க்கிறான். நான் திட்டுவதில்லை. "அடுத்து என்ன?" என்று மட்டும் கேட்கிறேன். பாதி நாள் அவனே சொல்லிவிடுகிறான்.