திரை வாயை மூடட்டும்

டிராக் காரில் டிஜிட்டல் டேஷ் பொருத்துகிற பெரும்பாலானவர்கள் அதைத் தப்பாகவே அமைக்கிறார்கள். வயரிங்கைச் சொல்லவில்லை, அதையெல்லாம் இப்போது நன்றாகவே செய்கிறார்கள். திரையில் என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்கிற இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். ஏழு அங்குலத் திரை, அதில் பதினாறு எண்கள், நாலு வண்ணப் பட்டைகள், மூலையில் டீம் லோகோ. பிட்டில் நிறுத்திப் படம் எடுத்தால் பிரமாதமாக இருக்கும். கார் ஓடும்போது அதனால் காலணா பிரயோஜனம் இல்லை.

இந்த உலகம் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சாதாரண ஸ்விஃப்ட்டோ போலோவோ சிட்டியோ வாங்கி, பின் சீட்டையும் ஏசியையும் கழற்றி எறிந்து, இரும்புக் கூண்டு போட்டு, வார இறுதியில் இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ கொண்டுபோய் விரட்டுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. வாரநாளில் அவர்களில் பாதிப்பேர் என்னைப் போல கோடு எழுதுகிறவர்கள். கார் கொஞ்சம் தேறியதும் கம்பெனி மீட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு திரையை வைப்பார்கள். ஏஐஎம், மோடெக், ஹால்டெக் என்று அவரவர் பர்ஸுக்கு ஏற்ற பெயர்கள். இன்ஜினின் கம்ப்யூட்டரிலிருந்து கேன் பஸ் என்ற முறுக்கிய இரண்டு கம்பி வழியாகத் தகவல் வரும். பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு அது. இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும், பைட் வரிசை சரியாக இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிகிற வேலை. சங்கடம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

டிஜிட்டல் டேஷே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். கம்பெனி மீட்டர் பொய் சொல்லும் என்று தெரிந்தவன். தெருவில் ஓடுகிற பல கார்களில் டெம்பரேச்சர் முள் நடுவில் போய் உட்கார்ந்தால் அங்கேயே தூங்கிவிடும். உள்ளே தண்ணீரின் சூடு இருபது டிகிரி ஏறி இறங்கினாலும் முள் அசையாதபடி வேண்டுமென்றே செய்திருப்பார்கள். முள் ஆடினால் வாடிக்கையாளர் பயந்துபோய் சர்வீஸ் சென்டருக்கு வந்துவிடுவார் இல்லையா? இதில் உச்சம் மாஸ்டா மியாட்டா. ஆரம்ப வருடங்களில் அதன் ஆயில் பிரஷர் மீட்டர் நிஜமான மீட்டராக இருந்தது. 1995 மாடலிலிருந்து அதே முகப்பு, அதே முள், ஆனால் பின்னால் இருப்பது வெறும் சுவிட்ச். பிரஷர் ஏதோ கொஞ்சம் இருந்தாலே முள் நடுவில் வந்து நின்றுவிடும். மீட்டர் வேஷம் போட்ட பல்பு! அதனால், நிஜமான சென்சாரும் நிஜமான எண்ணும் வேண்டும் என்ற கட்சியில்தான் நானும் இருக்கிறேன்.

ஆனால் நம் ஆட்கள் பொய்யைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் கூட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கணக்கைப் பாருங்கள். மணிக்கு 150 கிலோமீட்டரில் கார் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 42 மீட்டர் போகிறது. கண்ணைச் சாலையிலிருந்து எடுத்து, பதினாறில் தேவையான எண்ணைத் தேடி, வாசித்து, 'இந்த எண் நல்லதா கெட்டதா' என்று யோசித்து, மறுபடி சாலைக்குத் திரும்ப ஒரு வினாடி ஆகிறதென்று வையுங்கள். இரண்டு கிரிக்கெட் பிட்ச் நீளத்தை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருக்கிறீர்கள். வளைவுக்குள் அது முடியாது. எனவே யாரும் பார்ப்பதில்லை. பார்க்கிற ஒரே இடம் நீளமான நேர் பாதை. கோளாறு நடப்பதோ வளைவில்.

எப்படி என்று சொல்கிறேன். சாதாரண கார் இன்ஜினின் அடியில் ஒரு தட்டில் ஆயில் நிற்கும். அதிலிருந்து பம்ப் உறிஞ்சி மேலே அனுப்பும். ஒட்டுகிற டயர் போட்டு நீண்ட வளைவில் வேகமாகப் போனால் ஆயில் முழுக்க ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், சாம்பார் வாளியை வேகமாகத் திருப்பினால் ஆகிற மாதிரி. உறிஞ்சுகிற குழாய் காற்றை உறிஞ்சும். அரை வினாடி, ஒரு வினாடி பிரஷர் விழும். வளைவு முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அந்த அரை வினாடியில் பேரிங் உலோகத்தோடு உலோகம் உரசியிருக்கும். நேர் பாதைக்கு வந்து நீங்கள் திரையைப் பார்க்கும்போது எண் அழகாக இருக்கும்.

என் நண்பன் ஒருவனின் காரில் இதுதான் நடந்தது. நல்ல சென்சார், நல்ல திரை, ஆயில் பிரஷர் இரண்டாவது வரிசையில் மூன்றாவது எண். இன்ஜின் சீஸ் ஆன பிறகு லாக்கை இறக்கிப் பார்த்தோம். முந்தைய மூன்று சுற்றிலும் ஒரே வலது வளைவில், ஒரே இடத்தில், பிரஷர் பள்ளம் விழுந்திருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் பள்ளம் ஆழமாகிக்கொண்டே வந்திருந்தது. திரை அதை மூன்று முறையும் கடமை தவறாமல் காட்டியிருக்கிறது. "டேய், எல்லாம் ஸ்கிரீன்ல இருந்துச்சுடா" என்றான். இருந்தது. அவன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

கம்பெனி மீட்டரின் சிவப்பு விளக்கு இருந்திருந்தால் காப்பாற்றியிருக்குமா என்றால் அதுவும் இல்லை. அந்த விளக்கு பிரஷர் ஏறக்குறைய முழுசாகப் போன பிறகுதான் எரியும். அது சாவுச் செய்தி. இங்கேதான் டிஜிட்டல் டேஷால் வேறு யாராலும் முடியாத ஒன்றைச் செய்ய முடியும், அதைத்தான் நாம் செய்யவிடுவதில்லை. 30 பிஎஸ்ஐ என்ற எண் நல்லதா கெட்டதா? இன்ஜின் சும்மா நிற்கும்போது அருமை. 6000 ஆர்பிஎம்மில் அபாயம். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது பழைய மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. ஆக பிரஷரைத் தனியாக வாசிப்பதில் அர்த்தமே இல்லை, ஆர்பிஎம்மோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். இந்தக் கணக்கை வளைவின் நடுவில் ஓட்டுநர் போடட்டும் என்கிறோம், பக்கத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் சும்மா உட்கார்ந்திருக்க! 'ஆர்பிஎம் 3000-க்கு மேலே இருந்து, பிரஷர் இந்த அளவுக்குக் கீழே கால் வினாடி நின்றால், திரை முழுக்கச் சிவப்பு. ஓட்டுநர் பட்டனை அழுத்துகிறவரை அணையாதே.' நாலு வரி. எல்லைகளை உங்கள் காரின் சொந்த லாக்கிலிருந்து எடுங்கள், அடுத்தவன் காரின் கோப்பைக் காப்பி அடிக்காதீர்கள்.

தண்ணீரின் சூடும் இதே கதைதான். ஹோஸ் வெடித்து ரேடியேட்டர் தண்ணீர் மொத்தமும் கொட்டிப்போனால், சென்சார் வெறும் காற்றில் தொங்கும். அப்போது அது குறைவான எண்ணைக்கூடக் காட்டலாம். திரையில் 85 என்று குளிர்ச்சியாக ஓடிக்கொண்டிருக்க, உள்ளே சிலிண்டர் ஹெட் வளைந்துகொண்டிருக்கும். அதனால்தான் நீண்ட பந்தயம் ஓடுகிறவர்கள் கூலண்டின் பிரஷருக்கும் ஒரு சென்சார் வைக்கிறார்கள். சூடு ஏறுவதற்கு முன்னால் பிரஷர் விழுந்துவிடும். நம் பதினாறு எண்களில் இன்டேக் காற்றின் சூடு இருக்கிறது, பேட்டரி வோல்ட் இரண்டு தசமத்துக்கு இருக்கிறது. இது மட்டும் இல்லை.

நான் சொல்வது ஒன்றும் புதிதில்லை. முள் மீட்டர் காலத்து ரேஸ்காரர்கள் மீட்டரையே திருகி மாட்டுவார்கள், எல்லாம் சரியாக இருந்தால் எல்லா முள்ளும் நேராக மேலே பார்க்கிற மாதிரி. எண்ணை யாரும் வாசிப்பதில்லை. ஒரு முள் சாய்ந்தால் ஓரக்கண்ணே சொல்லிவிடும். ஏர்பஸ் விமானங்களில் இதையே கொள்கையாக வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் தலைக்குமேல் உள்ள பலகையில் ஒரு விளக்கும் எரியாது. இருட்டாக இருந்தால் நலம் என்று அர்த்தம்.

எதிர்த்திசையில் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1979 மார்ச் 28, பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை. ஒரு வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது. 'மூடு' என்ற கட்டளை போய்விட்டதா என்பதை மட்டும் காட்டுகிற விளக்கு கட்டுப்பாட்டு அறையில் இருந்தது, வால்வு நிஜமாக மூடியதா என்பதைக் காட்டுகிற விளக்கு இல்லை. முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் சேர்ந்து அடித்தன. எது தலை, எது வால் என்று தெரியாமல், உலைக்குப் போய்க்கொண்டிருந்த அவசரத் தண்ணீரை ஆபரேட்டர்களே குறைத்தார்கள். உலையின் ஒரு பகுதி உருகியது. அங்கே தகவலுக்குப் பஞ்சமில்லை.

"எல்லா டேட்டாவும் இருந்தா நல்லதுதானே மச்சி" என்பார்கள். நல்லதுதான், பதிவு செய்யுங்கள். எத்தனை சென்சார் வேண்டுமானாலும் மாட்டி, வினாடிக்கு ஐம்பது முறை லாக் பண்ணுங்கள், சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே லேப்டாப்பில் நோண்டுங்கள். பதிவு செய்வது வேறு, ஓடும்போது காட்டுவது வேறு. ஃபார்முலா ஒன்னில் நூற்றுக்கணக்கான சென்சார்கள் அனுப்புவதைப் பிட்டில் உட்கார்ந்திருக்கிற இன்ஜினியர்கள் பார்க்கிறார்கள். உங்களுக்குப் பிட்டில் ஆள் இல்லை. அந்த இன்ஜினியரின் வேலையைத்தான் டேஷ் செய்ய வேண்டும், அவர் பார்க்கிற ஸ்கிரீனை அப்படியே உங்கள் மடியில் கொட்டுவதல்ல.

அடுத்தது, "என் காசு, என் கார், என் இன்ஜின்." இதைச் சொல்கிறவர்களிடம்தான் எனக்குக் கோபம். பேரிங் போன இன்ஜின் எப்போதும் பதவிசாக நின்றுவிடாது. கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தால், சுடச்சுட ஆயில் ரோட்டில் கொட்டும். பின்னால் அதே பாதையில் வருகிறவன் வளைவுக்குள் முழு வேகத்தில் இருப்பான், அவனுக்குத் திரும்ப டயர் பிடிக்காது. பைக் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் டேஷ் அமைப்பில் அவனுடைய எலும்புக்கும் பங்கு இருக்கிறது.

இது டிராக்கோடு நிற்கிற வியாதியும் இல்லை. என் தொழிலில் சர்வர்களைக் கண்காணிக்க ஹாலில் பெரிய டிவி மாட்டி நாற்பது வரைபடங்களை ஓடவிடுவோம். விருந்தாளிகள் பார்த்து அசந்துபோவார்கள். ராத்திரி சர்வர் படுக்கும்போது அதை யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, போன் அடித்தால்தான் உண்டு. ஷோரூம் கார்களிலும் பட்டனையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கண்ணாடிப் பலகையை ஒட்டினார்கள். இப்போது யூரோ என்கேப் 2026 விதிகளில் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஐந்துக்கும் கையால் தொட்டு உணரக்கூடிய பட்டன் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. காட்டுவதையே அறிவு என்று நம்புகிற கூட்டம் எங்கும் ஒன்றுதான்.

டிராக் கார் திரையில் என்ன இருக்கலாம் என்றால், என் பதில் இது. பெரிதாக கியர் எண். மேலே ஷிஃப்ட் விளக்குகள். ஓட்டப் பழகியவர் என்றால் ஒரு லேப் நேரம். புதியவர் என்றால் அதுவும் வேண்டாம், அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு பிரேக்கைத் தாமதமாக மிதிப்பார். மீதி இடம் கறுப்பாக இருக்கட்டும். அந்தக் கறுப்புக்குப் பின்னால் ஆயில் பிரஷர், கூலண்ட் பிரஷர், கூலண்ட் சூடு, வோல்ட், பெட்ரோல் என்று ஐந்து அலாரங்கள் விழித்திருக்கட்டும். ஆறாவதாக, கேன் கம்பி அறுந்து தகவல் வராமல் போனால் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டு நிற்காமல் அதையும் கத்திச் சொல்லட்டும்.

முதலில் அலாரத்தை எழுதுங்கள், பிறகு திரையை வரையுங்கள். எல்லாம் முடிந்ததும் காரை ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து, ஆயில் பிரஷர் சென்சாரின் கனெக்டரைக் கையால் பிடுங்கிப் பாருங்கள். திரை ஒன்றும் சொல்லாமல் ஒரு மூலையில் பூஜ்யமோ கோடோ காட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் இன்னும் டேஷ் பொருத்தவில்லை, டிவி மாட்டியிருக்கிறீர்கள். டிராலியில் ஏற்றாதீர்கள்.