மார்க்கு என்னும் தலையெழுத்து

குமாரலிங்கபுரத்துக் கரிசலில் விளையும் கம்பை ஒருவன் மரக்காலில் அளக்கின்றான்; மற்றொருவன் தராசில் நிறுக்கின்றான். அளவை மாறினதால் கம்பு நல்லதாகவோ சொத்தையாகவோ ஆகிவிடுமா என்றால் நமது சம்சாரி சிரிப்பான். ஆனால் அதே சம்சாரி, தன் மகன் 62 மார்க்கு வாங்கி வந்தால் மாத்திரம், "அவன் தலையில் எழுதினது அவ்வளவுதான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ளுகின்றானே, இது என்ன நியாயம்?

தோழர்களே! அமெரிக்கக் காலேஜுகளில் 4 என்பது பெரும்பாலும் தலைசிறந்த மதிப்பு. ஜெர்மனிச் சர்வகலாசாலைகளிலோ 1 தான் சிறந்தது, 4 என்றால் ஏதோ தப்பிப் பிழைத்தவன், 5 தோற்றவன். பிரான்சில் 20க்கு 10 எடுத்தால் தேறலாம். இங்கிலாந்தில் 70 எடுத்தவன் முதல் வகுப்புக்காரன், நம்மூரில் 70க்கு, "மீதி 30 எங்கேடா?" என்று முதுகில் அடி விழுகின்றது. ஜெர்மனிக்கு ஒரு பிரமன், அமெரிக்காவுக்கு வேறொரு பிரமனா?

இன்னும் கேளுங்கள். பிறதேசத்தான் மார்க்கைத் தங்கள் கணக்குக்கு மாற்ற ஜெர்மானியர் ஒரு சூத்திரம் வைத்திருக்கின்றார்கள். முழு மார்க்கில் பையன் எடுத்ததைக் கழித்து, அதை, முழு மார்க்கில் தேறும் மார்க்கைக் கழித்து வருவதால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டவேண்டும். 100க்கு 62 எடுத்தவனுக்கு, தேறும் மார்க்கு 35 என்றால் 2.75 வரும், 50 என்றால் 3.28 ஆகிக் கீழே இறங்கிவிடுவான். பையன் ஒன்றே, மூளை ஒன்றே, எழுதின விடைத்தாளும் ஒன்றே! ஆகவே, வெளிதேசம் போகிறவன் தன் காலேஜின் தேறும் மார்க்கு இன்னதென்று சர்ட்டிபிகேட்டோடு எழுதி வாங்கிக்கொள்ளாவிட்டால் வீண் நஷ்டம் அவனுக்குத்தான்.

அளவுகோல் யார் கையில் இருக்கிறதோ அவன் சொன்னதே தகுதி. இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் வைத்தியப் படிப்புக்கு, 400க்கு, சிங்களத்தில் எழுதினவனுக்கு 229 போதும் என்றும் தமிழில் எழுதினவனுக்கு 250 வேண்டும் என்றும் வைக்கவில்லையா?

இங்கேதான் என்ன வாழ்ந்தது? தகுதி, திறமை என்று தொண்டை கிழியக் கத்தினவர்களின் நீட் பரீட்சையில், மருத்துவ மேல்படிப்பு இடங்கள் காலியாகக் கிடந்ததும், 2023ஆம் வருஷம் தகுதி அளவைப் பூஜ்யம் பெர்சென்டைலுக்கே இறக்கிவிட்டார்கள். இடத்தை நிரப்பப் பூஜ்யமே தகுதியாயிருக்கும்போது, கரிசல்காட்டுப் பையனின் 62ஐக் கண்டு மூக்கைச் சுளிக்க இவர்களுக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது?